பிடித்தம்: சம்பளப் பட்டியலில் ஒரு வரியின் வரலாறு

‘பிடித்தம்’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று விருப்பம், மற்றொன்று, கொடுக்க வேண்டியதிலிருந்து நிறுத்திக்கொள்ளப்படும் தொகை. பல பொருள் ஒரு சொல்லுக்கு எடுத்துக்காட்டாக வகுப்பில் இதை நாம் சொல்வதுண்டு. மாணவர்கள் சிரிப்பதில்லை. அவர்கள் இன்னும் சம்பளம் வாங்கத் தொடங்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பிப்ரவரி மாதக் கடைசியில், நம் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர் சம்பளப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். பல ஆண்டுகளாக நிலுவையில் கிடந்த ஊதிய உயர்வு அவருக்கு அவ்வாண்டுதான் மொத்தமாக வந்திருந்தது. அதைக் கொண்டு கூட்டுறவு நாணயச் சங்கக் கடனை அடைத்துவிட்டு, ஜூனில் நிம்மதியாக ஓய்வு பெறலாம் என்பது அவர் கணக்கு. அந்தக் கடனுக்குப் பிணைக் கையெழுத்து இட்டிருந்தவர்களில் நாமும் ஒருவர். ஆனால் அம்மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை வருமான வரி கொண்டுபோயிருந்தது. அலுவலகத்தில் போய், “ஐயா, இது என்ன கணக்கு?” என்று கேட்டோம். “கம்ப்யூட்டர் போட்ட கணக்கு சார்” என்றார் எழுத்தர். அவர் மேல் குற்றமில்லை. அவருக்குச் சொல்லப்பட்டதும் அவ்வளவுதான்.

அந்த விடை நமக்குப் போதவில்லை. அந்த ஒரு வரியின் பின்னால் எவ்வளவு நீண்ட கதை இருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்தறிந்தோம்.

*

கதை 1857-இன் கிளர்ச்சியோடு தொடங்குகிறது. அதை அடக்க ஆன செலவில் அரசின் கருவூலம் வறண்டது, கடன் ஏறியது. நிதியைச் சீர்செய்ய லண்டனிலிருந்து அனுப்பப்பட்டவர் ஜேம்ஸ் வில்சன். ஸ்காட்லாந்தின் ஹாவிக் என்ற ஊரில் பிறந்து, தொப்பி வணிகத்தில் வளர்ந்து, 1843-இல் ‘தி எக்கனாமிஸ்ட்’ இதழைத் தொடங்கியவர். 1859-இன் இறுதியில் கல்கத்தா வந்தார். 1860-இல் தம் வரித்திட்டத்தைச் சட்டமன்றத்தின் முன் வைத்தபோது, அரசனுக்கு வரி வாங்கும் உரிமை உண்டென்பதற்கு மனுவையே சான்றுக்கு அழைத்தார். அவ்வாண்டு ஜூலை 24-இல் சட்டம் ஒப்புதல் பெற்றது. ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் கீழ் வருமானம் உடையோருக்கு விலக்கு; 200 முதல் 500 வரை நூற்றுக்கு இரண்டு; அதற்குமேல் நூற்றுக்கு நான்கு. சட்டத்தின் ஆயுள் ஐந்தாண்டு.

இதை எதிர்த்து எழுந்த வலுவான குரல் சென்னையிலிருந்து வந்தது. எதிர்த்தவர் இயக்கத் தலைவர் அல்லர். சென்னை மாகாண ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன். புதிய வரி வேண்டாம், படைச்செலவைக் குறையுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். பழக்கமில்லாத நேர்முக வரியை மக்கள்மேல் சுமத்துவது ஆபத்து என்றும் அவர் எச்சரித்தார். இதைக் கமுக்கமாக எழுதி அனுப்பியிருந்தால் கோப்பில் உறங்கியிருக்கும். அவரோ தம் குறிப்பைச் செய்தித்தாள்களில் வெளிவரச் செய்தார். மேலிடத்துக்கு அது பொறுக்கவில்லை. 1860-லேயே பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார்.

இந்த டிரெவெலியனை நாம் ஏழைபங்காளர் என்று போற்றிவிடவும் முடியாது. 1840-களில் அயர்லாந்து பஞ்சத்தில் மடிந்தபோது, பிரிட்டிஷ் கருவூலத்தில் இருந்துகொண்டு நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர் என்ற பழி அவர் பெயரோடு ஒட்டியிருக்கிறது. வரலாற்றில் ஒரே கை ஓரிடத்தில் கொடுக்க மறுப்பதும், வேறோரிடத்தில் பிடுங்க மறுப்பதும் உண்டு.

அடுத்து நடந்தவை நாடகம் போன்றவை. டிரெவெலியனுக்குப் பின் சென்னைக்கு வந்த ஆளுநர் ஹென்றி வார்டு, சில வாரங்களுக்குள் ஆகஸ்ட் 2-ஆம் நாள் காலராவில் இறந்தார். ஒன்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 11 அன்று, வில்சன் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பால் இறந்தார். தம் வரி முழுதாக வசூலாவதை அவர் பார்க்கவில்லை. திரும்ப அழைக்கப்பட்ட டிரெவெலியனோ 1863-இல் இந்தியாவுக்கே நிதி உறுப்பினராக வந்து சேர்ந்தார். வில்சன் அமர்ந்த அதே நாற்காலி. 1865-இல் ஐந்தாண்டு முடிந்தபோது வரி புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது.

*

வரி போனது; வரி வாங்கும் எண்ணம் போகவில்லை. உரிம வரி, சான்றிதழ் வரி எனப் பெயர் மாறி மாறி வந்து, 1886-இல் வருமான வரி நிலையாகக் குடியேறியது. அந்தச் சட்டத்தில் இரண்டு செய்திகள் நம் பேராசிரியரின் சம்பளப் பட்டியல் வரை நீள்கின்றன.

முதலாவது, வேளாண் வருமானத்துக்கு விலக்கு. நிலம் ஏற்கெனவே தீர்வை கட்டுகிறது என்பது காரணம். இதனால் ஆயிரக்கணக்கில் குத்தகை வாங்கிய ஜமீன்தார் இந்த வரிக்கு வெளியே நின்றார். ஆண்டுக்கு 500 ரூபாயை எட்டிய குமாஸ்தா உள்ளே அகப்பட்டார். மாதம் 50 ரூபாய் வாங்கியவரை எண்ணிப் பாருங்கள். ரூபாய்க்கு நான்கு பை வீதம் மாதம் 200 பை. பழைய கணக்கில் ரூபாய்க்கு 192 பை. ஆக மாதம் ஒரு ரூபாய் எட்டுப் பை பிடித்தம். 1903-இல்தான் விலக்கு வரம்பு 1,000 ரூபாயாக உயர்ந்தது.

இரண்டாவது, அரசு ஊழியரின் வரியைச் சம்பளம் கொடுக்கும்போதே கழித்துக்கொள்ளும் ஏற்பாடு. இது இங்கிலாந்தில் பழுத்த உத்தி. 1803-இல் அடிங்டன் வருமான வரியைத் திரும்பக் கொண்டுவந்தபோது, பணம் புறப்படும் இடத்திலேயே வரியை நிறுத்திக்கொள்ளும் வழியை விரிவாகப் புகுத்தினார். முன்பு பிட் வைத்த வீதத்தில் பாதிதான் கேட்டார். வசூலோ ஏறக்குறைய அதே அளவு வந்தது. கைக்கு வந்த காசைக் கேட்டு வாங்குவது கடினம், கைக்கு வருமுன் எடுப்பது எளிது என்ற பாடத்தை எந்த அரசும் அதன்பின் மறக்கவில்லை.

1922-ஆம் ஆண்டுச் சட்டம் இதைச் சம்பளம் கொடுக்கும் எல்லோருக்கும் கடமையாக்கியது. பிடிக்கத் தவறினால், கொடுத்தவரே வரி கட்டத் தவறியவராகக் கருதப்படுவார். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் 192-ஆம் பிரிவில் இதே கடமையைத் தொடர்ந்தது. அதன் இடத்துக்கு 2025-இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்திலும் அது நீடிக்கிறது. எழுத்தரின் கைநடுக்கத்துக்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது. கூடப் பிடித்தால் ஊழியர் பின்னர் திரும்பப் பெறலாம். குறையப் பிடித்தால் பழி பணம் பெற்று வழங்கும் அலுவலர் தலையில். ஐயம் வந்தால் அவர் கூடத்தான் பிடிப்பார்.

*

இனி அந்தப் பிப்ரவரியைப் பார்ப்போம். அலுவலகம் மாத வரியைக் கணக்கிடுவதில்லை. ஆண்டு வருமானத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு, அதற்கான வரியைப் பன்னிரண்டாகப் பங்கிடுகிறது. மதிப்பீடு இடையில் மாறினால், சுமை முழுவதும் எஞ்சிய மாதங்களில் விழும். ஆண்டு வரி 36,000 என்று எண்ணி மாதம் 3,000 பிடித்துவந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் வரை 27,000 ஆயிற்று. ஜனவரியில் வரி 84,000 என்று தெரிகிறது. மீதி 57,000, மூன்று மாதம், மாதம் 19,000. சட்டம் ஒரு நாளில் மாறவில்லை, வீதமும் மாறவில்லை. ஆயினும் சம்பளம் வாங்குபவருக்கு இது இடி.

மதிப்பீடு மாறக் காரணங்கள் சில. நிலுவைத்தொகை வருவது ஒன்று. சேமிப்புச் சான்றுகளை உரிய நாளில் கொடுக்காதது இன்னொன்று. 2020-இல் அறிமுகமான புதிய வரி முறை, 2023 முதல் இயல்பு முறையாக்கப்பட்டது. பழைய முறை வேண்டும் என்று எழுதிக் கொடுக்காதவருக்குப் புதிய முறைப்படியே கணக்கிடுவார்கள், அதில் பழைய சேமிப்புக் கழிவுகள் பலவும் செல்லா. இவற்றோடு தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குப் போகும் தொழில் வரியும் தலைகாட்டும். அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவு அதற்கு ஆண்டுக்கு 250 ரூபாய் என்று எல்லை வைத்திருந்தது; 1988-இல் செய்த திருத்தம் அதை 2,500 ஆக்கியது.

நம் பேராசிரியரின் வழக்கு முதல் வகை. பல ஆண்டுகளின் ஊதியம் ஓராண்டில் குவிந்ததால் உயர்ந்த வீதத்துக்குத் தள்ளப்பட்டார். ஆனால் அந்த அநீதியைச் சட்டமே முன்னரே உணர்ந்திருந்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு, நிலுவையை அதற்குரிய ஆண்டுகளுக்குப் பிரித்துக் கணக்கிட்டு, கூடுதல் சுமைக்கு நிவாரணம் தந்தது. அதற்கு 10இ என்றொரு படிவம். அதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. நாமும் அறிந்திருக்கவில்லை.

படிவம் ஜூலையில் நிரப்பப்பட்டது. ஆண்டுவாரியாகச் சம்பள விவரம் சேகரிக்க, ஓய்வு பெற்றவர் நான்கு முறை பழைய அலுவலகத்துக்கு ஏறி இறங்கினார். பணம் திரும்பி வந்தது குளிர்காலத்தில். அதுவரை சங்கக் கடனின் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவர் நம்மிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. பிணை இட்டவர் மனம் வருந்துமே என்ற நாகரிகம்.

வரி வேண்டாம் என்பது நம் கட்சியன்று. நமக்குச் சம்பளம் தருவதே வரிதான். ஆனால் 1860-இல் அந்த வரிக்கு ஓர் ஆளுநர் பதவியிழந்தார். ஊரறிய வாதம் நடந்தது. இன்று அது ஓசையின்றிப் பிடிக்கப்படுகிறது; ஓசையின்மையால் கேள்வியும் எழுவதில்லை. வரி என்றாலும் எழுத்தின் வரி என்றாலும் தமிழில் ஒரே சொல். எழுத்தின் வரிகளை ஆயுள் முழுதும் படித்துப் பொருள் சொன்ன ஓர் ஆசிரியருக்கு, தம் சம்பளப் பட்டியலின் ஒரு வரிக்குப் பொருள் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. பக்கத்து மேசையில் அமர்ந்திருந்த நமக்கும் அதில் பங்குண்டு.