எந்த நாட்டுக்குப் போறது? சீனர்களும் நம்மாட்களும் ஒரு துறைமுகமும்

எங்க பேளுக்குறிச்சி மளிகைச் சந்தைக்கு வந்திருக்கீங்களா? கொல்லிமலை அடிவாரம். மிளகு, மல்லி, சீரகம், சோம்பு, மஞ்சள்னு வருசத்துக்கு வேண்டியதை மொத்தமா வாங்கிட்டுப் போக வெளியூர்ல இருந்தெல்லாம் சனங்க வருவாங்க. போன தடவை ஊருக்குப் போனப்போ அம்மாயியைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். அன்னாசிப்பூவை எடுத்து மோந்து பாத்துட்டு, "இது எந்தூர்ல வெளையுது?"ன்னு கேட்டாங்க. தெற்குச் சீனாவிலும் வட வியட்நாமிலும் வளர்ற மரம்னு சொன்னேன். உடனே அடுத்த கேள்வி.

"பூவு வந்துருச்சு, செரி. சீனாக்காரங்க ஆராச்சும் நம்ம நாட்டுக்குக் குடி வந்தாங்களா? அக்கம்பக்கத்துல அத்தன நாடு இருக்கறப்ப, அதையெல்லாம் உட்டுப்போட்டு இங்க எதுக்கு வந்தாங்க?"

கேட்டுட்டு அவங்க பாட்டுக்குச் சோம்பு விலை பேசப் போயிட்டாங்க. நான்தான் மாட்டிக்கிட்டேன் :-) அந்தக் கேள்விக்குப் பதில் தேடினதுதான் இந்தப் பதிவு.

வந்தாங்க. ஆனா தமிழ்நாட்டுக்கு முதல்ல வந்தவங்கள்ல ஒரு கூட்டம் விரும்பி வரல, விலங்கு மாட்டிக் கொண்டு வந்தாங்க. 19ஆம் நூற்றாண்டுல பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூணும் பிரிட்டிஷ்காரன் கையில இருந்துச்சு. அங்கே இருந்த சீனக் கைதிகள் சிலரை மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பினாங்க. அவங்கள்ல ஒரு பகுதி நீலகிரியில நடுவட்டம் பக்கம் சின்கோனா தோட்டத்துல வேலை செஞ்சாங்க. மலேரியாவுக்குக் கொடுக்குற கொய்னா மருந்து அந்த மரப்பட்டையில இருந்துதான் எடுத்தது. நடுவட்டத்துல அந்தப் பழைய சிறைக் கட்டடத்தை இன்னிக்கும் பாக்கலாம்.

வேடிக்கை என்னன்னா, அதே காலத்துல இந்தியக் கைதிகளைக் கப்பல்ல ஏத்தி சிங்கப்பூருக்கு அனுப்பிக்கிட்டு இருந்தாங்க. அங்கே இருக்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவங்க உழைப்புல எழும்பினது. பண்டமாற்று மாதிரி மனுசமாற்று!

தண்டனை முடிஞ்ச சீனர்கள் சிலர் ஊர் திரும்பாம இங்கேயே தங்கி, தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கிட்டு, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவுல மலைச்சரிவுல காய்கறி போட்டுப் பிழைச்சிருக்காங்க. தென்னிந்தியச் சாதிகள் பத்தி 1909ல பெரிய தொகுதிகள் வெளியிட்ட எட்கர் தர்ஸ்டன் இந்தக் குடும்பங்களையும் நேர்ல பாத்து எழுதி வெச்சிருக்கார். (நடுவட்டம் - கூடலூர் சரிவை ஞாபகம் வெச்சுக்கங்க. திரும்ப வருவோம்.)

சரி, விரும்பி வந்தவங்க? அதுக்குக் கல்கத்தா போகணும். 18ஆம் நூற்றாண்டோட கடைசிப் பகுதியில ஆச்சியூ என்கிற சீன வியாபாரி ஹூக்ளி ஆத்தங்கரையில, வாரன் ஹேஸ்டிங்ஸ் கொடுத்த நிலத்துல சர்க்கரை ஆலை வெச்சார். அந்த ஊருக்கு இன்னிக்கும் பேரு அச்சிபூர். அவருக்குப் பின்னால கான்டன் தச்சர்கள் வந்தாங்க, ஹக்கா இனத்துத் தோல்காரர்கள் வந்தாங்க, ஹூபே மாகாணத்துப் பல் வைத்தியர்கள் வந்தாங்க. ஹூபே பல் வைத்தியக் குடும்பங்கள்ல சிலர்தான் பர்மா வழியா மதராஸுக்கு வந்து கடை போட்டவங்க. சென்னைவாசிகளுக்குச் "சைனா பல் டாக்டர்" போர்டு புதுசில்லையே!

ஏன் இந்தியா? எனக்குப் புரிஞ்ச வரைக்கும் மூணு காரணம். ஒண்ணு, கல்கத்தா அப்போ பிரிட்டிஷ் இந்தியாவோட தலைநகரம், சீன வியாபாரக் கப்பல் போய் வர்ற துறைமுகம். ரெண்டு, இப்போ மாதிரி விசா கெடுபிடி கிடையாது. மூணாவதுதான் முக்கியம்: இங்கே ஒரு வேலை காலியா இருந்துச்சு. தோல் பதனிடுறதைத் தீட்டுன்னு சொல்லி மேல்சாதிக்காரங்க அண்ட மாட்டாங்க. பணம் இருந்தும் அதுல முதல் போட ஆள் கம்மி. ஹக்காக்காரங்களுக்கு அந்தத் தீட்டு இல்ல. கல்கத்தா ஓரத்துச் சதுப்பு நிலமான டாங்ராவுல தொழிற்சாலைகளை வரிசையாக் கட்டிட்டாங்க. நம்ம சாதி விட்டு வெச்ச சந்து வழியா ஒரு சமூகமே உள்ளே வந்து குடியேறியிருக்கு.

அப்புறம் எல்லாம் வழக்கமான கதைதான். ஒருத்தன் போவான், கால் ஊனுவான், கடுதாசி போடுவான், மச்சான் வருவான், மச்சானோட ஊர்க்காரன் வருவான். உலக வரைபடத்தை விரிச்சு வெச்சு யாரும் நாடு தேர்ந்தெடுக்கறதில்லீங்க. சொந்தக்காரன் இருக்கிற ஊருதான் நாடு.

நம்மாட்களும் இதையேதான் செஞ்சாங்க. பழைய சேலம் ஜில்லாவுல இருந்து (நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997ல) கங்காணிகள் பின்னாடி கிளம்பினவங்க முன்னாடி மூணு பேர் இருந்துச்சு: கண்டிச் சீமை, பர்மா, மலாயா. எங்க அம்மாயியோட பெரியப்பா கண்டிக்குப் போனார். அதே தெருக்காரர் ஒருத்தர் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். பெரியப்பா ஏன் கண்டியைத் தேர்ந்தெடுத்தார்னு அம்மாயிகிட்ட கேட்டா, "பக்கம்னு போனாரு. நெனச்சா திரும்பி வந்துரலாம்ல?"ன்னு சொல்வாங்க. தனுஷ்கோடியில இருந்து தலைமன்னாருக்கு ஒரு சின்னக் கடல்தான். மலாயான்னா நாகப்பட்டினத்துல ஏறி வங்காள விரிகுடாவையே தாண்டணும். அன்னிக்குப் பாத்தா நியாயமான முடிவு.

இப்போ 1962க்கு வாங்க. அக்டோபர் 20ல சீனா எல்லையைத் தாண்டுச்சு. ஒரு மாசத்துல சண்டை முடிஞ்சுது. ஆனா இங்கே இருந்த சீனக் குடும்பங்களுக்கு அப்போதான் ஆரம்பம். அஸ்ஸாம், வடக்கு வங்காளம் பக்கம் நடுராத்திரியில போலீஸ் வந்து கதவைத் தட்டுச்சு. அஸ்ஸாம் தேயிலைக்கு 1830கள்லயே சீனத் தொழிலாளிகளைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. மாக்கும் ஊர்ல இருந்த அவங்க சந்ததிகள் பலருக்கு அஸ்ஸாமியப் பேச்சுதான் வீட்டுப் பேச்சு. (இதை வெச்சு ரீட்டா சௌத்ரி 2010ல 'மாக்கம்'னு ஒரு நாவலே எழுதினாங்க.) குழந்தை, கிழவின்னு பாக்காம சுமார் 3,000 பேரை ராஜஸ்தான் தேவ்லி முகாமுக்கு ரயில்ல கொண்டு போனாங்க. விசாரணை கிடையாது. அவங்க செஞ்ச குத்தம் மூஞ்சியும் பூர்வீகமும்தான். சிலர் வெளிய வர 1967 ஆச்சு. வந்து பாத்தா பலரோட வீடும் கடையும் கைமாறியிருந்துச்சு.

முகாம்ல இருந்தவங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க: சீனாவுக்குப் போறீங்களா, இங்கேயே இருக்கீங்களா? அதாவது, நாட்டைத் தேர்ந்தெடுங்கன்னாங்க! முள்வேலிக்குள்ள உக்காந்துகிட்டு. போறோம்னு சொன்னவங்கள்ல பாதிப் பேராவது சீனாவைக் கண்ணால பாத்திருப்பாங்களான்னு தோணுது.

அவங்களைக் கூட்டிட்டுப் போக 1963ல சீனா அனுப்பின கப்பல்கள் எங்கே வந்து நின்னுச்சு தெரியுங்களா? நம்ம மதராஸ் துறைமுகத்துல. தேவ்லியில இருந்து ரயில் ஏத்தி, நாட்டையே குறுக்கால தாண்டி, மதராஸ்ல கப்பல் ஏத்தினாங்க. மொத்தம் 2,000 பேருக்கு மேல. போய் இறங்கின சீனா அப்போதான் பெரும் பஞ்சத்துல இருந்து எழுந்துகிட்டு இருந்துச்சு. வெளிநாட்டுல இருந்து திரும்பினவங்களுக்குன்னே இருந்த அரசுப் பண்ணைகளுக்கு அனுப்பினாங்க. 1966ல கலாச்சாரப் புரட்சி வந்தப்போ, வெளிநாட்டுத் தொடர்பு இருந்ததே சந்தேகத்துக்குக் காரணமாச்சு. இங்கே சீனாக்காரன், அங்கே இந்தியாக்காரன்.

அடுத்த வருசம், 1964. அதே மதராஸ் துறைமுகம். இந்தத் தடவை ரங்கூன்ல இருந்து கப்பல்கள் வந்துச்சு. நே வின் ராணுவ ஆட்சி கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கிட, தலைமுறை தலைமுறையா பர்மாவுல இருந்த தமிழர்கள் வந்து இறங்கினாங்க. சேத்த நகையையும் பணத்தையும் கொண்டு வரக் கட்டுப்பாடு. பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மா பஜார்ல கடை போட்டவங்க அவங்கதான். பர்மாவுல தங்கின சீனர்களும் தப்பல. 1967ல ரங்கூன்ல அவங்க மேல கலவரம் பாஞ்சுது.

அதே 1964 அக்டோபர் 30ல சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். மலையகத் தமிழர்களுக்கு 1948லயே குடியுரிமையைப் பறிச்சாச்சு. இப்போ 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பாத்துக்கலாம்னு பங்கு பிரிச்சாங்க. எங்க அம்மாயியோட பெரியப்பா பேரன்கள் அந்தக் கணக்குலதான் வந்தாங்க. நெனச்சா திரும்பி வந்துரலாம்னு போனவரோட பேரன்கள், வேண்டாம்னு நெனச்சும் வந்தாங்க. அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துல வேலை கொடுத்தாங்க. எந்த ஊர்ல? கூடலூர்ல. சீனக் கைதிகளோட பிள்ளைகள் காய்கறி போட்ட அதே மலைச்சரிவுப் பக்கம்!

மலாயா போன தெருக்காரர் கதை வேற. 1957ல சுதந்திரம், குடியுரிமை, இன்னிக்கு அவர் கொள்ளுப்பேத்தி மலேசியாவுல வக்கீல். ஆனா அதுவும் எல்லாருக்கும் வாய்க்கல. 1969 மே 13 கலவரத்தை ஒட்டிக் குடியுரிமை இல்லாதவங்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம்னு ஆனப்போ, ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஊர் திரும்பினாங்க. அதே கலவரத்துக்குப் பிறகு சீனக் குடும்பங்கள் பலதும் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரா, இந்தப் பக்கமேவான்னு கணக்குப் போட ஆரம்பிச்சாங்க. அதுவும் லேசான கணக்கு இல்ல. மலேசியாவுல சீனர்கள் சிறுபான்மை, ஆனா சீன மொழிப் பள்ளிகள் உயிரோட இருக்கு. சிங்கப்பூர்ல அவங்க முக்கால்வாசிப் பேர், ஆனா பள்ளிக்கூடம் இங்கிலீஷ் மீடியம். பிள்ளையோட மொழியா, பிள்ளையோட வேலையா? நமக்குத் தெரியாத கேள்வியா இது?

நம்ம டாங்ரா ஹக்காக்காரங்க? 1962க்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா டொராண்டோ பக்கம் கிளம்பிட்டாங்க. தோல் தொழிற்சாலைகளை இடம் மாத்தச் சொல்லி 1996ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் மிச்சத் தொழிலும் போச்சு. டொராண்டோவுல ஹக்கா ஓட்டல்னு போர்டு போட்டுச் சில்லி சிக்கன் விக்கிறாங்க. சீனர்கள், கனடா பாஸ்போர்ட், ஏங்கறது கல்கத்தாவுக்கு. இதுல எது அவங்க நாடு?

இதெல்லாம் படிச்சுட்டு என் லேப்டாப்ல இருக்கிற ஒரு எக்ஸெல் ஷீட்டைத் திறந்து பாத்தேன். கூட வேலை பாக்குற பல பேர்கிட்ட இது இருக்கும். கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர்னு வரிசையா நாடு. சம்பளம், வரி, பள்ளிக்கூடம், எத்தன வருசத்துல பிஆர்னு கட்டம் கட்டமா மார்க். அதுல ஒரு கட்டம் இல்லவே இல்ல. அந்த நாட்டுக்கும் நம்ம பூர்வீக நாட்டுக்கும் சண்டை வந்தா, அங்கேயே பொறந்த நம்ம பேரனை என்ன செய்வாங்க? அச்சிபூர் ஆச்சியூவும் இதைக் கேட்டிருக்க மாட்டார், கண்டிக்குப் போன பெரியப்பாவும் கேட்டிருக்க மாட்டார். கேட்டிருந்தாலும் பதில் கிடைச்சிருக்காது. நாடு தேடுறது தாத்தா, கணக்குத் தீக்கறது பேரன்.

அதுக்காகப் போகாதீங்கன்னு சொல்ல நான் யாரு? போனவங்கதான் அன்னாசிப்பூவையும் கொண்டு வந்தாங்க. ஆனா போற இடத்துல நம்மளை எப்படி நடத்தணும்னு எதிர்பாக்கிறோமோ, அந்த மரியாதையை இங்கே வந்தவங்களுக்கு நாம கொடுத்தோமான்னு ஒரு தடவையாவது கேட்டுக்கணும். தேவ்லியை நம்ம பாடப் புத்தகத்துல நான் படிச்சதே இல்ல.

அம்மாயிகிட்ட முழுக்கதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "அந்த மெட்ராசு கப்பல்ல ஏறுன பொம்பளைங்க, போயி எறங்கி என்ன பாசை பேசியிருப்பாளுக?"ன்னு கேட்டாங்க.

இதுக்கும் என்கிட்ட பதில் இல்ல.