பொய்ப்பிக்கத்தக்க கூற்று

எவராலும் பிழையென நிறுவ முடியாத கூற்றே வலிமையான கூற்று என நம்மிற் பலர் கருதுகின்றோம். விஞ்ஞான வரலாறு இதற்கு மாறான பாடத்தையே புகட்டுகின்றது.

1919ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. சூரியனை அணுகிச் செல்லும் விண்மீனொளி 1.75 விகலை அளவு வளையும் என ஐன்ஸ்ரைன் முன்னரே கணித்திருந்தார். நியூற்றனின் கொள்கை வழியே கணித்தால் அதில் ஏறத்தாழ அரைப்பங்கே கிட்டும். ஆபிரிக்காவின் மேற்கேயுள்ள பிரின்சிப்பே தீவிலும், பிரேசில் நாட்டுச் சொப்ராலிலும் பிரித்தானிய வானியலாளர் படமெடுத்தனர். நவம்பர் 6ஆம் நாள் இலண்டனில் அறிவிக்கப்பட்ட முடிவு ஐன்ஸ்ரைனுக்குச் சார்பாயிருந்தது. அது எதிராகவும் அமைந்திருக்கலாம் என்பதே ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அக்காலை வியன்னாவில் பதினேழு வயதினராயிருந்த கார்ல் பொப்பரின் சிந்தனையை இந்நிகழ்ச்சி பெரிதும் பாதித்தது. பொய்ப்பிக்கப்படுவதற்கு இடங்கொடுத்தலே விஞ்ஞானக் கூற்றின் இலக்கணம் என 1934இல் ஜேர்மன் மொழியில் வெளிவந்த நூலில் அவர் வாதிட்டார். 1959இல் அந்நூலின் ஆங்கில வடிவம் வெளிவந்தது. 'ஃபோல்சிஃபையபிள்' என்னும் சொல்லும் பரவலாயிற்று. ஆங்கிலத்தில் அதன் வினையடி கணக்கேடுகளை மோசடியாகத் திருத்துவதையுங் குறிக்குமாதலின் மயக்கத்திற்கு இடமுண்டு. மறுக்கத்தக்கது எனப் பொருள்படும் 'ரெஃபியூட்டபிள்', சோதிக்கத்தக்கது எனப் பொருள்படும் 'டெஸ்டபிள்' என்னுஞ் சொற்களையும் பொப்பர் கையாண்டார். இவற்றுள் எதுவும் 'பொய்யானது' எனப் பொருள்படாது. பொய்ப்பிக்கத்தக்க கூற்று மெய்யாகவும் இருக்கலாம்.

ஆசிரியர்களாகிய நாம் அடிக்கடி கேட்கும் கூற்றொன்றை நோக்குவோம்: "முயற்சியுள்ள மாணவன் சித்தியெய்துவான்." சித்தியெய்தாதவனை முயற்சியற்றவன் என்றுவிட்டால் இக்கூற்று என்றும் தோற்காது. அவனது பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியரே இல்லை என்ற உண்மை மட்டும் மறைந்துவிடும். "ஆசிரியரை நியமித்தால் மூன்றாண்டில் பெறுபேறு உயரும்" என்பதோ தோற்கக்கூடிய கூற்று. ஆதலாலேயே பயனுள்ள கூற்று.

மார்க்சியத்தின் தொடக்ககால எதிர்வுகூறல்கள் சோதிக்கத்தக்கவையாக இருந்தன என்றும், அவை பொய்த்தபோது பின்வந்தோர் மறுவிளக்கங் கூறிக் கொள்கையைக் காத்தனர் என்றும் பொப்பர் குறைகூறினார். அவரது அரசியல் முடிவுகளை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் அவரது வினாவை எதிரியின் வினாவென ஒதுக்குதல் தகாது. எது நிகழ்ந்தால் எமது கருத்தைக் கைவிடுவோம் என முன்கூட்டியே சொல்லத் துணியாத நாம், தோற்ற மாணவனையே குற்றவாளியாக்கும் அக்கூற்றை எம்முகத்தோடு எதிர்ப்பது?