கூறாய்வு மேசையில் கத்தி பிடித்த கை: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்துத் தொற்றுக் காப்பு விதிகளின் வரலாறு

திறவுச்சொற்கள்: பிணவறை, கூறாய்வு, பிளேக், எச்.ஐ.வி., கோவிட்

தொற்றுநோயால் இறந்தோரின் உடலைக் கையாள்வோருக்கான பாதுகாப்பு விதிகள் யாரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1847இல் வியன்னாவில் கூறாய்வின்போது விரலில் கத்தி பட்டு மருத்துவர் கொலெட்ச்கா இறந்தார். அவ்விறப்பிலிருந்தே பிரசவக் காய்ச்சலின் காரணத்தைச் செம்மல்வைஸ் உய்த்துணர்ந்தார். எனினும், அவர் வகுத்த குளோரின் கைகழுவல் விதி தாய்மாரைக் காப்பதற்கானது, அறுப்பவரைக் காப்பதற்கானதன்று.

1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டமும் இவ்வகையினதே. இயற்றப்பட்டபோது நான்கே பிரிவுகள் கொண்டிருந்த அச்சட்டத்தின் நான்காம் பிரிவு ‘பாதுகாப்பு’ அளிக்கிறது. ஆனால் அது நல்லெண்ணத்துடன் செயற்பட்டோரை வழக்கிலிருந்து காக்கும் பாதுகாப்பு. 1898இல் பிளேக் பெங்களூரை எட்டியபோது அதனை அடுத்திருந்த ஓசூர் தாலுகா சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அக்காலப் பிளேக் தடுப்பு முறைகளுள் பிணச் சோதனையும் ஒன்று. அரையிலும் அக்குளிலும் நெறிகட்டியுள்ளதா எனத் தொட்டுப் பார்த்தாக வேண்டும். தொடும் கையைப் பற்றிச் சட்டம் ஒரு சொல்லும் உரைக்கவில்லை. (அம்மையில் இறந்தோரை எரிக்காமல் புதைக்கும் நம் ஊர் வழக்கமும் பிணத்தைப் பற்றியதே, சுமப்பவரைப் பற்றியதன்று.)

உண்மையான திருப்பம் எச்.ஐ.வி. காலத்தில் நிகழ்ந்தது. 1986இல் இந்தியாவின் முதல் தொற்றுகள் வேலூர் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டன. ‘எவருடைய குருதியையும் தொற்றுடையதாகவே கருதுக’ என்னும் பொது முன்காப்பு நெறியை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 1987இல் வெளியிட்டது. லாரித் தொழிலால் பெயர்பெற்ற நாமக்கல் அந்நாள்களில் பழிச்சொல்லையும் சுமந்தது. ஆனால் நெறியின் பயன் லாரி ஓட்டுநரைச் சுட்டுவதில் இல்லை. நெடுஞ்சாலை விபத்து, நஞ்சு, தற்கொலை என, 2024 வரை நடைமுறையிலிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவின்படி மேசைக்கு வந்த உடலுக்குத் தொற்று உண்டா இல்லையா என்பது பெரும்பாலும் முன்னறியப்பட்டதில்லை. ஐயமுள்ள உடலுக்கு மட்டும் கையுறை என்னும் பழக்கம் இங்கே பொருளிழக்கிறது.

கோவிட் பரவியபோது நடுவண் நலவாழ்வு அமைச்சகம் 2020 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதல், கூறாய்வைத் தவிர்க்கவே கூறியது. தவிர்க்கவியலாவிடில் மழுங்கிய முனையுடைய கத்தி, உருண்டை முனைக் கத்தரி, ஒரு நேரத்தில் ஓர் உடற்குழி மட்டும், மண்டையோட்டை அறுக்கையில் எலும்புத்தூளை உறிஞ்சும் ரம்பம், அஃதில்லையேல் இரும்புக் கண்ணிக் கையுறையுடன் கைரம்பம் என நுணுக்கமாக விதித்தது. பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சட்டமுறைக் கூறாய்வில் உடலைத் திறவாமல் புறச்சோதனையோடு நிறுத்தவும் வழிகாட்டியது. கருவியைப் பற்றி இவ்வளவு பேசும் அவ்வாவணத்தில் அதைப் பிடிப்பவர் ‘துணைப் பணியாளர்’ என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார். நடைமுறையிலோ பல இடங்களில் மண்டையோட்டைத் திறப்பவரும் தைப்பவரும் அவரே. மருத்துவர் பார்த்து எழுதுகிறார். அறிக்கையில் கையொப்பம் மருத்துவருடையது.

ஆகவே கூறாய்வு அறிக்கைகளைக் கொண்டு இவ்வரலாற்றை எழுத இயலாது. கல்லீரல் அழற்சி பி தடுப்பூசியின் மூன்று தவணைகளும் யாருக்குப் போடப்பட்டன, கத்தி பட்டவருக்கு 72 மணி நேரத்திற்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடங்கப்பட்டதா என்பனவற்றைத் தடுப்பூசி, காயப் பதிவேடுகளிலேயே தேட வேண்டும். ஒப்பந்தப் பணியாளரின் பெயர் அங்கே உள்ளதா என்பதே முதலில் பார்க்கத்தக்கது.