அம்பேத்கர் வாசித்த ரோம்

(முள்ளுக்குறிச்சியில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



கொல்லிமலை அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு ரோமாபுரியைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். பள்ளிக்கூடத்தில் ரோமை நமக்கு இரண்டு இடங்களில் சொல்லித் தருகிறார்கள். உலக வரலாற்றில் ஜூலியஸ் சீசர் வருவார், அகஸ்டஸ் வருவார், பிடில் வாசித்த நீரோ வருவார். (பிடில் என்ற கருவியே அன்றைக்குக் கிடையாது. ரோம் எரிந்தது கி.பி. 64இல். கதையில் எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது இல்லாத பிடில்தான்.) இன்னொரு இடம் தமிழக வரலாறு. அதில் யவனர், முசிறி, அரிக்கமேடு, பொன் கொடுத்து மிளகு வாங்கிய கப்பல். முதல் பாடத்தில் நம்மவர் யாரும் இல்லை. இரண்டாவதில் நாம் எல்லாரும் இருப்பதுபோல ஒரு பாவனை இருக்கிறது. இன்று நான் பேச வந்தது மூன்றாவது ரோமைப் பற்றி. அதை நமக்குக் காட்டியவர் பாபாசாகேப் அம்பேத்கர்.

முதலில் இந்தப் பாவனையைப் பார்த்துவிடுவோம். நாமக்கல்லைத் தாண்டிக் காவிரியைக் கடந்தால் கரூர். அங்கே அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்களுக்கு ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் 1842இல் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் 501 பொற்காசுகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் மன்னன் முகத்தின் குறுக்கே உளியால் கீறியிருக்கிறார்கள். ரோமச் சக்கரவர்த்தியின் முகம் நம் ஊரில் செல்லாது, பொன் மட்டும் செல்லும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் அது.

அந்தக் கால வணிகம் பெரியதுதான், சந்தேகமில்லை. ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸை இந்தியா உறிஞ்சுகிறது என்று முதல் நூற்றாண்டில் பிளினி புலம்பினார். ஒரு ரோமானியக் காலாள் வீரனின் ஆண்டுச் சம்பளம் அப்போது 900 செஸ்டர்ஸ். கணக்குப் போட்டால் 55,000 வீரர்களின் ஓராண்டுச் சம்பளம். ஒரு பவுண்டு கறுப்பு மிளகு 4 தினாரியஸ் என்றும் அவரே எழுதுகிறார். அது அந்த வீரனின் ஆறேழு நாள் கூலி. வியன்னாவில் உள்ள முசிறிப் பாப்பிரஸ் ஆவணம் 'ஹெர்மபோல்லோன்' என்ற ஒரே ஒரு கப்பலின் சரக்கு மதிப்பைச் சொல்கிறது. ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ். எகிப்தில் இறக்கும்போது ரோம அரசு அதில் நாலில் ஒரு பங்கை வரியாக எடுத்துக்கொண்டது. மிளகுக்கென்றே ரோம் நகரத்தின் நடுவில் டொமிஷியன் கிடங்கு கட்டினான்.

இதைச் சொல்லிவிட்டு, கொல்லிமலை மிளகும் கப்பலேறியது என்று மேடையில் முழங்குவது எளிது. முசிறியில் ஏறிய மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்தது. நம் மலையைக் கொண்டுபோய் அங்கே ஒட்டவைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. மிளகைப் பறித்தது யார், மூட்டையைத் தலையில் சுமந்து மலையிறக்கியது யார், நொய்யல் கரையில் கொடுமணலில் உட்கார்ந்து கல்மணிக்குத் துளை போட்டது யார்? அந்தக் காசு அவர்கள் கைக்கு வந்ததா? தொல்காப்பியத்தின் அகத்திணையியல் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக் காதலுக்கு வெளியே நிறுத்துகிறது. ஏவல் செய்பவருக்கு உயர்ந்த காதல் உரியதல்ல என்று ஓர் இலக்கணம் விதி எழுத வேண்டுமானால், ஏவல் செய்பவர்கள் அந்தச் சமூகத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருந்தார்கள் என்றுதானே பொருள்? பொற்காலத்தில் பொன் இருந்தது. அது யாரிடம் இருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சரி, அந்தக் காசையே கையில் எடுத்துப் பார்ப்போம். தமிழகத்தில் அதிகமாகக் கிடைப்பவை அகஸ்டஸ், டைபீரியஸ் இருவரின் வெள்ளிக்காசுகள். டைபீரியஸ் காசில் ஒரு பக்கம் அவன் தலை. மறுபக்கம் ஓர் உருவம் உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் 'பொந்திஃபெக்ஸ் மாக்சிமுஸ்' என்பதன் சுருக்கம் பொறித்திருக்கும். அதற்குத் தலைமைப் பூசாரி என்று பொருள். உலகின் பெரும் படைகளில் ஒன்றை வைத்திருந்தவன், தன் காசில் தன்னைப் படைத்தலைவன் என்று போடாமல் பூசாரி என்று போட்டுக்கொள்கிறான். இது ஏன் என்று புரிந்துகொள்ள ஐந்நூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

ரோமில் மன்னராட்சி ஒழிந்து குடியரசு வந்தபோது ஆட்சியைப் பிடித்தவர்கள் பேட்ரீஷியன் என்ற பிறப்புவழி மேட்டுக்குடியினர். மற்ற குடிமக்கள் பிளெபியன்கள். இவர்கள் போருக்குப் போவார்கள், திரும்பி வந்தால் நிலம் கடனில் மூழ்கியிருக்கும். கடனைக் கட்டாதவன் கடன் கொடுத்தவனின் கொத்தடிமை. கி.மு. 494இல் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஆயுதம் எடுக்கவில்லை. படையோடு ஊரைவிட்டு வெளியேறிப் பக்கத்து மலையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். சமாதானம் பேச மெனேனியஸ் அக்ரிப்பா என்பவர் அனுப்பப்பட்டார். அவர் ஒரு கதை சொன்னார்: கை, வாய், பல் எல்லாம் வயிற்றின்மேல் கோபித்து வேலைநிறுத்தம் செய்தன, கடைசியில் உடம்பே வாடிப்போனது, வயிறுதான் எல்லாருக்கும் உணவை அனுப்புகிறது.

இந்தக் கதையை நமக்கும் சொல்லியிருக்கிறார்கள். முகத்தில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், தொடையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று. ரோமில் அது ஒரு தூதுவர் சொன்ன உவமை. இங்கே அது புருஷசூக்தம், வேதம். பிளெபியன்கள் கதையைக் கேட்டுக்கொண்டார்கள், ஆனால் கதைக்காகத் திரும்பவில்லை. டிரிபியூன் என்ற தங்கள் சொந்தப் பதவியை வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்கள். பிளெபியன்களிலிருந்து மட்டும் டிரிபியூன் வர வேண்டும். பின்னால் கி.மு. 471 முதல் பிளெபியன் அவையே தனியாக வாக்களித்து அவர்களைத் தேர்ந்தெடுத்தது. அவர்மேல் கை வைத்தவன் உயிருக்குப் பாதுகாப்பில்லை. அதிகாரி ஒருவன் பிளெபியனை இழுத்துப்போனால் டிரிபியூன் குறுக்கே நின்று 'தடுக்கிறேன்' என்று சொன்னால் போதும்.

மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒடுக்கப்பட்டவர்கள் மட்டும் வாக்களித்து, ஒடுக்கப்பட்டவரைத் தேர்ந்தெடுப்பது. 1931இல் வட்டமேசை மாநாட்டில் பாபாசாகேப் கேட்ட தனி வாக்காளர் தொகுதியின் சாரம் அதுதான். 1932 செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தத்தில் அது போயிற்று. கூட்டுத் தொகுதி வந்தது. இங்கே பக்கத்தில் இராசிபுரம் தனித்தொகுதி, மலை இருக்கும் சேந்தமங்கலம் பழங்குடியினர் தொகுதி. வேட்பாளர் நம்மவர்தான். அவரை யார் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

பிளெபியன்கள் அதோடு நிற்கவில்லை. பன்னிரு பலகைச் சட்டம் இரு வகுப்பாருக்கும் இடையே திருமணத்தைத் தடைசெய்தது. கி.மு. 445இல், ஐந்தாறு ஆண்டுக்குள்ளேயே, கனுலேயஸ் என்ற டிரிபியூன் கொண்டுவந்த சட்டம் அந்தத் தடையை நீக்கியது. கலப்புமணத்தால் ரத்தம் கெட்டுவிடும், தெய்வச் சடங்கு தீட்டாகிவிடும் என்று பேட்ரீஷியன்கள் வாதாடியதாக லிவி எழுதுகிறார். எந்த ஊரில் கேட்ட குரல் இது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கி.மு. 367இல் இரண்டு கான்சல்களில் ஒருவர் பிளெபியனாக இருக்கலாம் என்று சட்டம் வந்தது. கி.மு. 326இல் கடனுக்குக் கொத்தடிமையாக்கும் வழக்கம் ஒழிந்தது. நம் நாட்டில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது.

இவ்வளவு வென்றவர்கள் கைக்கு ஆட்சி வந்ததா? இந்தக் கேள்வியைத்தான் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுப்புகிறார். 1936இல் லாகூரில் பேசுவதற்காக எழுதப்பட்டு, அழைத்தவர்களே கூட்டத்தை ரத்து செய்ததால் பேசப்படாமல், அவரே அச்சிட்ட உரை அது. பிளெபியன்களால் வலுவான, சுயேச்சையான ஒரு கான்சலை ஏன் பெற முடியவில்லை என்று கேட்டு அவர் சொல்லும் விடை: தேர்ந்தெடுக்கப்பட்டவர் தெய்வத்துக்கு உகந்தவர் என்று குறி சொல்ல வேண்டும், குறி சொல்பவர்கள் பேட்ரீஷியன்கள். தெய்வத்தை பிளெபியன்களும் நம்பினார்கள். ஆகவே வாக்குச்சீட்டில் வென்றதைக் கோயிலில் தோற்றார்கள். அம்பேத்கர் இங்கே டெல்ஃபி கோயிலின் குறியைச் சொல்கிறார். ரோமிலேயே அந்த வேலையைச் செய்ய நிமித்தக்காரர்கள் இருந்தார்கள், பறவையையும் இடியையும் பார்த்துச் சொல்பவர்கள்.

ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். கி.மு. 215. ஹன்னிபால் இத்தாலிக்குள் நிற்கிறான். மார்செல்லஸ் என்ற சிறந்த தளபதி கான்சலாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். அவர் பிளெபியன். ஏற்கெனவே இருந்த கான்சலும் பிளெபியன். இருவருமே பிளெபியன்களாக அமைந்தது அதுவே முதல்முறை. மார்செல்லஸ் பதவியேற்கும்போது இடி இடித்தது. நிமித்தக்காரர்களைக் கூப்பிட்டார்கள். தேர்தலில் குற்றம் இருக்கிறது என்றார்கள். இரண்டு பிளெபியன்கள் கான்சலானது தெய்வத்துக்குப் பிடிக்கவில்லை என்று மேட்டுக்குடியினர் ஊரெல்லாம் பரப்பினார்கள். மார்செல்லஸ் பதவி விலகினார். ஒரு பேட்ரீஷியன் வந்தார்.

நிமித்தக்காரர் பதவிகளும் பூசாரிப் பதவிகளும் பிளெபியன்களுக்குத் திறந்துவிடப்பட்டது கி.மு. 300இலேயே. மார்செல்லஸே ஒரு நிமித்தக்காரர். ஆனாலும் இடி யாருக்காக இடித்தது என்று விளக்கம் சொல்லும் உரிமை இடம் மாறவில்லை.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல். இந்த ஊராட்சிகள் 1996இல் நமக்கு ஒதுக்கப்பட்டன. பத்து ஆண்டுகள் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடத்த முடியவில்லை. மனுப்போட ஆளில்லாமல் பார்த்துக்கொண்டார்கள். மீறித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைச் சில நாட்களிலேயே பதவி விலகவைத்தார்கள். சாமி குற்றம், ஊர் வழக்கம் என்றார்கள். 2006இல்தான் அது உடைந்தது. மேலவளவில் விலக மறுத்த ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30இல் வெட்டிக்கொல்லப்பட்டார். மார்செல்லஸுக்கு இடி மட்டும் இடித்தது.

இப்போது காசுக்குத் திரும்புவோம். சீசரின் கொலைக்குப் பிறகு நடந்த போர்களில் வென்ற அகஸ்டஸ், மன்னன் என்ற பட்டத்தைத் தொடவே இல்லை. கி.மு. 23இல் அவன் எடுத்துக்கொண்டது டிரிபியூனின் அதிகாரம். ஆம், கொத்தடிமைக் கடனுக்கு எதிராக மலையேறியவர்கள் வாங்கிவந்த அதே அதிகாரம். கி.மு. 12இல் தலைமைப் பூசாரிப் பதவியையும் எடுத்துக்கொண்டான். ஏழைகளின் பாதுகாவலன் என்ற பட்டமும், தெய்வத்துக்கு எது பிடிக்கும் என்று சொல்லும் வாயும் ஒரே ஆளிடம். பின்வந்த சக்கரவர்த்திகள் எத்தனையாவது ஆண்டாக டிரிபியூன் அதிகாரம் வைத்திருக்கிறோம் என்று காசில் எண் போட்டுக்கொண்டார்கள். பிளெபியன் மக்களுக்கு இலவச தானியம் கிடைத்தது, வாக்கு போனது. நம் பதவிகளின் பெயர்களையும் தலைவர்களின் படங்களையும் யார் யார் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும்போது எனக்கு இந்தக் காசு ஞாபகத்துக்கு வரும்.

அந்தக் காசின் வெள்ளி எங்கிருந்து வந்தது? பெருமளவு ஸ்பெயின் சுரங்கங்களிலிருந்து. கார்த்தகேனா பகுதியில் மட்டும் 40,000 பேர் வேலை செய்தார்கள் என்பது பொலிபியஸ் தரும் கணக்கு. வெளிச்சம் பார்க்காமல் இரவும் பகலும் தோண்டி, அடிபட்டு, வாழ்வதைவிடச் சாவதே மேல் என்றிருந்த அடிமைகளைப் பற்றி டியோடோரஸ் எழுதியிருக்கிறார். வெள்ளலூர்ப் புதையலைப் பார்க்கும்போது நாம் பார்ப்பது அவர்கள் தோண்டியதைத்தான்.

அடிமைமுறை, தீண்டாமை இரண்டில் எது கொடிது என்று பாபாசாகேப் ஒப்பிட்டு எழுதியவை 1989இல் வெளிவந்த அவரது தொகுதி 5இல் இருக்கின்றன. ரோமானிய அடிமை சட்டத்தின்படி மனிதனே அல்ல. ஆனால் அவன் ஆசிரியனாக, மருத்துவனாக, நூலகனாக இருந்தான். அவன் செத்தால் உடைமையாளனுக்கு நட்டம், ஆகவே சோறு போட்டான், தொழில் கற்பித்தான். தீண்டப்படாதவர் செத்தால் யாருக்கும் நட்டமில்லை. அவருக்குச் சோறு போட வேண்டிய கடமையும் யாருக்கும் இல்லை. இதுதான் வாதம். இதைப் படித்துவிட்டு அடிமைமுறையை அம்பேத்கர் மென்மையாகப் பார்த்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறான வாசிப்பு. இரண்டையும் எதிர்த்தவர் அவர். ஆனாலும் அவர் காட்டும் அடிமைகள் பெரும்பாலும் நகரத்து அடிமைகள், சுரங்கத்துக்காரனுக்கு அங்கே இடம் குறைவு என்பது என் கருத்து. நகரத்து அடிமைக்கும் நிச்சயம் எதுவுமில்லை. கி.பி. 61இல் பெடானியஸ் என்ற நகர ஆளுநரை அவர் வீட்டு அடிமை ஒருவன் கொன்றான். வீட்டில் இருந்த 400 அடிமைகளையும் கொன்றார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட. ரோம் நகர மக்கள் கல்லும் தீப்பந்தமுமாகத் திரண்டு எதிர்த்தார்கள். நீரோ வழிநெடுகப் படையை நிறுத்தித் தண்டனையை நிறைவேற்றினான். அதற்கு முன் ஸ்பார்ட்டகஸ் கிளர்ச்சி தோற்றபோது, கி.மு. 71இல், காப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் 6,000 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள்.

அம்பேத்கரின் வாதத்தில் நான் முழுதாக ஒப்புவது இன்னொரு இடம். முறைப்படி விடுதலையான ரோமானிய அடிமை குடிமகனானான். அவன் பிள்ளைக்கு எந்தப் பதவியும் கிடைக்கலாம். பெர்ட்டினாக்ஸ் என்பவன் கி.பி. 193இல் சக்கரவர்த்தியானான், அவன் அப்பா ஒரு முன்னாள் அடிமை. (87 நாளில் அவனைக் காவல்படையே கொன்றுவிட்டு அரியணையை ஏலம் விட்டது, அது வேறு கதை.) தந்தை அடிமை, மகன் சக்கரவர்த்தி, ஒரே தலைமுறை. சாதியிலிருந்து அப்படி விடுவித்து அனுப்பும் சடங்கு எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது?

ரோமின் கடைசிக் காட்சிகளில் ஒன்றில் நம் பக்கத்துச் சரக்கும் வருகிறது. கி.பி. 408இல் கோத்துகளின் தலைவன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டான். விலகிப் போக அவன் கேட்டது 5,000 பவுண்டு பொன், 30,000 பவுண்டு வெள்ளி, 4,000 பட்டு அங்கிகள், 3,000 பவுண்டு மிளகு. கொடுத்தார்கள். முற்றுகை தளர்ந்ததும் நகரத்து அடிமைகள் வெளியேறிப் போய் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். ஏறத்தாழ 40,000 பேர் என்கிறார் சோசிமஸ். இரண்டு ஆண்டு கழித்து, 410 ஆகஸ்டில், அலாரிக்கின் படை சலாரியன் வாயில் வழியாக ரோமுக்குள் நுழைந்தது.