நட்சத்திரப் பெயரும் நுகர்வோர் சந்தையும்: மூன்று நிலைகள்

1. ஆய்வின் நோக்கம்

திரை நட்சத்திரங்களும் விளையாட்டு வீரர்களும் அணிவதை மக்கள் பின்பற்றுவது புதிதன்று. அதனால் கிடைக்கும் வருமானம் யாரைச் சேர்கிறது, அதற்கான பொறுப்பை யார் ஏற்கிறார் என்பவையே இக்கட்டுரை எழுப்பும் வினாக்கள். எடுத்துக்கொண்ட மூன்று சான்றுகளும் பெயரின்மீது யாருக்கு எவ்வளவு பிடி இருந்தது என்ற அடிப்படையில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன, காலவரிசை பின்பற்றப்படவில்லை.

2. ஒப்பந்தமில்லாத செல்வாக்கு

நதியா நாயகியாக நடித்து, ஃபாசில் இயக்கிய ‘பூவே பூச்சூடவா’ திரைப்படம் 1985இல் வெளிவந்தது. அதன்பின் தமிழ்நாட்டு வளையல் கடைகளிலும் திருவிழாக் கடைகளிலும் நதியா கம்மல், நதியா வளையல், நதியா பொட்டு எனச் சரக்குகள் குவிந்தன. பெயரைச் சொன்னாலே கடைக்காரர் பொருளை எடுத்து நீட்டிவிடுவார்.

இந்தப் பரவலுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, பாத்திரத்தின் இயல்பு. துறுதுறுவென்று வளைய வந்த அந்த இளம்பெண்ணிடம் கல்லூரி மாணவியர் தங்கள் சாயலைக் கண்டனர். இரண்டாவது, பொருளின் எளிமை. பட்டுச்சேலை எடுக்க வேண்டுமானால் வீட்டில் கலந்து பேச வேண்டும். கம்மலும் பொட்டும் கைச்செலவுக் காசுக்குள் அடங்கும். பெயரை யாரும் தனியுடைமையாக்கிக்கொள்ளாததால், சிறு உற்பத்தியாளர் முதல் தெருவோர வியாபாரி வரை பலரும் பயனடைந்தனர்.

3. விலைக்கு வாங்கிய முகம்

லக்ஸ் சோப்பின் விளம்பரத்தில் 1941இல் லீலா சிட்னிஸ் தோன்றினார். அதில் இடம்பெற்ற முதல் இந்திய நடிகை அவரே. அவருக்குப்பின் ஒவ்வொரு தலைமுறையின் முன்னணி நாயகியரும் அந்த இடத்துக்கு வந்தனர். 2005இல் ஷாருக் கான் குளியல் தொட்டியில் அமர்ந்தார். முகங்கள் மாறின, சோப்பின் பெயர் மாறவில்லை. ஒரு நடிகையின் மவுசு குறைந்தால் அடுத்தவரை ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். நட்சத்திரம் ஊதியத்தோடு விலகிவிட, நிலையான மதிப்பு நிறுவனத்திடமே தங்கியது. நடிகையின் மேனியழகுக்கும் அந்தச் சோப்புக்கும் உண்மையில் தொடர்பு உண்டா என்பதை வாங்குபவரால் சோதித்தறிய முடியாது. இந்த நிலையின் அடிப்படைச் சிக்கல் இதுவே.

4. பெயரே பொருளாதல்

1984இல் நைக்கி நிறுவனம், தொழில்முறைக் கூடைப்பந்துக்குள் அப்போதுதான் நுழைந்த மைக்கேல் ஜோர்டனை ஒப்பந்தம் செய்து, அவர் பெயரிலேயே காலணியை உருவாக்கியது. ஏர் ஜோர்டனின் கணுக்கால் பகுதியில் சிறகு முளைத்த பந்து பொறிக்கப்பட்டிருந்தது. கறுப்பு, சிவப்பு நிறக் காலணி விதிக்குப் பொருந்தாது என்று அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ. 1985 பிப்ரவரியில் கடிதம் அனுப்பியது. நைக்கி அந்தத் தடையையே விளம்பரமாக்கியது. கேமரா ஜோர்டனின் தலையிலிருந்து மெல்லக் கீழிறங்கும். காலணிகளை எட்டியதும் அவற்றைக் கறுப்புப் பட்டைகள் மறைக்கும். முதல் ஆண்டிலேயே விற்பனை சுமார் 12.6 கோடி டாலரை எட்டியது. விற்பனையில் பங்கு பெற்றதால் ஜோர்டன் கூலிக்கு நடிக்கும் முகமாக நின்றுவிடவில்லை. 1997இல் அவர் பெயர் தனி பிராண்டானது. 2003இல் அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற பின்னும் விற்பனை தொடர்கிறது.

5. உரிமையும் பொறுப்பும்

பெயருக்குச் சந்தை மதிப்பு கூடக்கூட, அது நீதிமன்றத்துக்கும் வந்தது. ரஜினிகாந்தின் பெயரை அனுமதியின்றித் தலைப்பில் பயன்படுத்திய இந்திப் படத்துக்கு எதிரான வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் அவருடைய ஆளுமை உரிமையை ஏற்றுக்கொண்டது.

உரிமைக்கு ஈடான பொறுப்பை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வகுத்தது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பொருளைப் பரிந்துரைப்பவருக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், தவறு மீண்டும் நிகழ்ந்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம்; முதல் முறை ஓராண்டு வரையிலும், பின்னர் மூன்றாண்டு வரையிலும் பரிந்துரை செய்யத் தடையும் விதிக்கலாம். விளம்பரத்தின் உண்மையை உரிய கவனத்துடன் சரிபார்த்தவருக்கு விலக்கு உண்டு. சமூக ஊடகங்களில் பணமோ பரிசோ பெற்றுப் பரிந்துரைப்போர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது.

6. முடிவு

நட்சத்திரத்தின் மீதுள்ள பிரியமே மூன்று நிலைகளுக்கும் மூலதனம். முதல் நிலையில் அது கடைத்தெருவெங்கும் பரவியது. இரண்டாவதில் நிறுவனத்திடம் சேர்ந்தது. மூன்றாவதில் நிறுவனமும் நட்சத்திரமும் பகிர்ந்துகொண்டனர். அந்த மூலதனத்தை இடும் ரசிகருக்கு எந்த நிலையிலும் பங்கில்லை. தான் விரும்பும் முகம் தன் பழக்கத்தால் ஒன்றை அணிகிறதா, பணத்துக்காக அணிகிறதா என்பதை அறியும் உரிமையாவது அவருக்குக் கிடைத்தாக வேண்டும். ஆகவே, ஊதியம் பெற்ற பரிந்துரையை அப்படியே அறிவிப்பது நட்சத்திரங்களின் முதற்கடமை என இக்கட்டுரை வலியுறுத்துகிறது.