அடித்தளம் பலவீனம் என்றால் பல் மருத்துவம் எட்டாக்கனியா?

பல் மருத்துவ பீடத்துக்கு இலங்கையில் தனியான நுழைவுப் பரீட்சை இல்லை. உயர்தர உயிரியல் பிரிவில் பெறும் பெறுபேறே அந்தப் பரீட்சை. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் குறைந்தது சாதாரண சித்தியும், பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் வேண்டும். பிறகு எல்லாவற்றையும் தீர்மானிப்பது இசட் புள்ளி.

வன்னியில் நான் பேசிய மாணவர்கள் பலர் சொன்ன காரணம் ஒன்றுதான்: "எங்களுக்கு ஓ.எல். விஞ்ஞானமே சரியாக விளங்கவில்லை." உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி பாடசாலைகளில் மட்டுமே உண்டு. சிறிய பாடசாலையில் படித்துவிட்டு அங்கே போகும் பிள்ளை, ஆய்வுகூட உபகரணங்களைத் தொட்டுப் பார்க்காமலே போகலாம். இடம்பெயர்வில் படிப்பு அறுந்துபோன பெற்றோரால் வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்கவும் இயலாது. இது பிள்ளையின் மூளைக் குறைபாடல்ல, விடுபட்ட பாடம். விடுபட்டதை நிரப்பலாம்.

முதலில் இசட் புள்ளியை விளங்கிக்கொள்ளுங்கள். ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளி, அப்பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை நியம விலகலால் வகுத்துப் பெறுவது அது. மூன்று பாடங்களின் சராசரியே இறுதிப் பெறுமானம். உதாரணமாக 1.8, 1.6 எடுத்தவர் பௌதிகவியலில் 0.5 எடுத்தால் சராசரி 1.3 ஆகிவிடும். ஆகவே பிடித்த உயிரியலை மேலும் மெருகூட்டுவதைவிட, பயப்படும் பாடத்தை உயர்த்துவதே கூடுதல் இலாபம்.

கணிதத்திலிருந்து தொடங்குங்கள். சுட்டிகள், மடக்கை, விகிதம், திரிகோண கணிதம், வரைபின் படித்திறன் ஆகியவற்றைச் சாதாரண தரப் புத்தகத்திலேயே மீட்டுங்கள். இவை இல்லாமல் அமில, காரக் கணக்கும் விசைப் பிரிப்பும் நகராது.

இரசாயனவியலில் அணுக் கட்டமைப்பு, பிணைப்பு, மூல் கணக்கு என்ற ஒழுங்கை மாற்றாதீர்கள். மூல் விளங்காதவருக்கு வாயுக்களும் சமநிலையும் மின்னிரசாயனமும் பூட்டிய கதவுகள்.

பௌதிகவியலில் அளவீட்டு அலகைத் தாண்டி ஓடாதீர்கள். வேணியர் இடுக்கியும் திருகுக் கணிச்சியும் பாடசாலையில் இல்லையென்றால் அயற்பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். அமைப்புக் கட்டுரை வினாக்களில் செய்முறை அறிவு நேரடியாகச் சோதிக்கப்படுகிறது.

உயிரியலில் தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூலே ஆதாரம். ரியூசன் குறிப்பு அதற்குத் துணைதான்.

முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்கள். நேரம் 2 மணித்தியாலம். பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படாது. எதையும் வெறுமையாக விடாதீர்கள். கடந்தகால வினாத்தாள்களைப் புள்ளித்திட்டத்தோடு வைத்து நீங்களே திருத்துங்கள். எந்த வரிக்குப் புள்ளி என்பது அப்போதுதான் தெரியும்.

அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் செல்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா பிள்ளைகளுக்கு இந்த ஒதுக்கீடு உரிமை. அதில் கூச்சம் வேண்டாம். வகுப்புக்காக வேறு மாவட்டப் பாடசாலைக்கு மாறமுன், மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் மாவட்ட விதியைப் படியுங்கள்.

ஆனால் ஒதுக்கீடு வாசல் வரைதான் வரும். பேராதனையில் விரிவுரையும் பரீட்சையும் எல்லோருக்கும் ஒன்று, அதுவும் ஆங்கிலத்தில். இன்று பொறுமையாக நிரப்பும் அடித்தளம் அங்கேதான் கைகொடுக்கும்.