சிட்டுக்குருவியின் இறகும் வயதும்

கங்காதர நெல்லூரை விட்டுப் பம்பாய்க்கோ தில்லிக்கோ பிழைப்பை நாடிச் சென்ற குடும்பத்தினருக்கு, மொழியும் உணவும் மாறினும் வீட்டு வாயிலில் மாறாமல் வந்து நிற்கும் தோழமை ஒன்று இருந்தது. அதுதான் சிட்டுக்குருவி. சித்தூர், திருப்பதி வட்டாரத் தமிழர் அதனை ஊர்க்குருவி என்றும் அடைக்கலக்குருவி என்றும் அழைப்பர். அண்டை வீட்டுத் தெலுங்கர் பிச்சுக என்பர். இத்துணை நெருங்கிப் பழகிய பறவையைக் காட்டி, ‘இதற்கு என்ன வயது?’ என்று ஒரு சிறுவன் வினவினால் விடை கூறுதல் எளிதன்று. மாட்டின் வயதை இரண்டு பல், நான்கு பல் என்று வாயைத் திறந்து பார்த்துச் சொல்லிவிடுகிறோம். குருவிக்கோ பல் இல்லை. அதன் இறகைத்தான் படிக்க வேண்டும். அந்தப் படிப்பு உருவான வரலாறு சுவையானது. அதன் முற்பகுதியில் நம் நாட்டுச் சிறுவன் ஒருவன் இடம்பெறுகிறான்.

1896-ஆம் ஆண்டு பிறந்த சாலிம் அலி, பத்து வயதளவில் பம்பாயில் மாமன் அமீருத்தீன் தயாப்ஜியின் ஆதரவில் வளர்ந்து வந்தார். கையில் ஒரு விளையாட்டுத் துப்பாக்கி. 1906–07-இல் அவர் எழுதிவைத்த ஒரு குறிப்பு, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து அச்சேறியது. பெட்டைக்குருவி பொந்தில் அடைகாக்க, சேவல் வெளியே ஓர் ஆணியின் மேல் காவல் இருந்தது. சிறுவர் சேவலைச் சுட்டு வீழ்த்தினார். சிறிது நேரத்தில் வேறொரு சேவல் வந்து அதே ஆணியில் அமர்ந்தது. ஏழு நாட்களில் எட்டுச் சேவல்கள் இவ்வாறு மாண்டன. கொடுமைதான், ஆயினும் அக்குறிப்பு ஓர் அரிய வினாவை எழுப்புகிறது. காத்திருந்து வந்த அச்சேவல்கள் யாவை? முந்தைய ஆண்டு பிறந்து துணை கிட்டாத இளங்காளைகளா, துணையை இழந்த மூத்தவையா? எட்டையும் வரிசையாகக் கிடத்திப் பார்த்திருந்தாலும் இறகு அதைச் சொல்லியிராது.

ஏன் சொல்லாது என்பதே இப்பொருளின் சாரம். கூட்டை விட்டு அப்போதுதான் வெளிப்பட்ட குஞ்சை எவரும் அறியலாம். வாயோரத்தில் மஞ்சள் நிறச் சதை மடிப்பு இருக்கும். இறகு தளர்ந்து பஞ்சுபோலத் தோன்றும். ஆணாயினும் பெண்ணாயினும் பெட்டையின் மங்கல் நிறமே. சில மாதங்களுக்குள் அக்குஞ்சு தன் இறகுகள் முழுவதையும் உதிர்த்துப் புதியன பூணுகிறது. பறவைகள் பலவற்றின் குஞ்சுகள் முதல் உதிர்ப்பில் சிறகின் பழைய பேரிறகுகளை அப்படியே வைத்துக்கொள்ளும். அவற்றின் தேய்வைக் கொண்டு ஓராண்டுவரை கூட இளமையைக் கண்டுபிடிக்கலாம். சிட்டுக்குருவி அந்தச் சான்றையும் மிச்சம் வைப்பதில்லை. அதன்பின் ஆறு மாதக் குருவியும் ஆறாண்டுக் குருவியும் ஒரே உடையில் உலவுகின்றன.

சேவலின் தொண்டைக் கறுப்பு பலரை ஏமாற்றியிருக்கிறது. புதிய இறகின் நுனி வெளிறியிருப்பதால் கறுப்பு மறைந்து கிடக்கும். நுனி தேயத் தேயக் கறுப்பு விரியும். இனப்பெருக்கக் காலத்தில் அலகும் கறுக்கும். எனவே அக்கறுப்பு பெரிதாகத் தோன்றுவதற்கு வயதைக் காட்டிலும் பருவமே பெருங்காரணம்.

சாலிம் அலி சுட்ட குருவிகளுள் ஒன்றன் தொண்டையில் மட்டும் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன பறவை என்று கேட்க, மாமன் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலர் மில்லார்டிடம் அனுப்பினார். மில்லார்டு பாடம் செய்த பறவைகள் நிறைந்த இழுப்பறைகளைத் திறந்து காட்டினார். மஞ்சள் தொண்டைச் சிட்டு என்பது அதன் பெயர். அதன் குஞ்சுக்கு அந்த மஞ்சள் இராது. பெட்டைக்கு மங்கலாக இருக்கும். ஒரே இனத்தின் சேவல், பெட்டை, குஞ்சு, புத்திறகு, தேய்ந்த இறகு என அடுக்கி வைத்துப் பார்த்தாலன்றி இவை புலப்படா. அருங்காட்சியகத்தில் இத்தனை தோல்கள் எதற்கு என்று கேட்போருக்கு இதுவே விடை.

அத்தகைய தொகுப்பு நம் பக்கத்திலும் நிகழ்ந்தது. திருப்பதி மலைகளும் அடங்கிய கிழக்குத் தொடர்ச்சி மலைகளில், வெர்னே என்பாரின் பொருளுதவியால் நடந்த பறவை ஆய்வின் அறிக்கையை ஹியூ விஸ்லரும் கின்னியரும் 1930 முதற்கொண்டு எழுதி வெளியிட்டனர். விஸ்லர் பஞ்சாபில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். குற்றவாளியின் அங்க அடையாளத்தைக் குறிப்பதுபோலவே இறகின் தேய்வையும் உதிர்ப்பையும் அவர் குறித்தார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இறகு கைவிட்ட இடத்தில் மண்டையோடு சிறிது உதவிற்று. இளங்குருவியின் மண்டையோடு முதலில் ஒற்றைத் தகடு. பின்னர் இரட்டைத் தகடாகிறது. தலைமயிரை நனைத்து விலக்கினால் உயிருள்ள பறவையிலேயே இதைத் தோலின் ஊடாகக் காணலாம். அமெரிக்காவில் நீரோ என்பவர் 1951-இல் சிட்டுக்குருவியையே ஆராய்ந்து, இம்மாற்றம் முற்றுப்பெற ஆறேழு மாதம் ஆகும் எனக் கண்டார். அதற்கப்பால் அக்கதவும் அடைபட்டது. எஞ்சியது கால்வளையமே. டென்மார்க்குப் பள்ளி ஆசிரியர் மோர்ட்டென்சன் 1899-இல் அலுமினிய வளையத்தைப் பறவைக் காலில் பூட்டியது முதல், பிறந்த நாளை இறகில் தேடாமல் ஏட்டில் தேட முடிந்தது. சம்மர்ஸ்-ஸ்மித் என்ற பொறியியலாளர் இங்கிலாந்துச் சிற்றூரில் குருவிகளுக்கு வண்ண வளையமிட்டுக் கண்டறிந்தவற்றை 1963-இல் நூலாக்கினார். பம்பாய்க் கழகமும் 1959-இல் வளையமிடும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. நம் கோடியக்கரையும் அதன் களங்களுள் ஒன்றாயிற்று.

இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு அன்று. நகரங்களில் குருவி குறைந்ததென்று நாம் கவல்கிறோம். 2020-இல் வெளியான இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, நாடு முழுவதையும் நோக்கச் சிட்டுக்குருவி பெரும்பாலும் நிலைத்திருப்பதாகவும், பெருநகரங்களில் குறைந்திருப்பதாகவும் கூறுகிறது. குறைவுக்குக் காரணம் குஞ்சுகள் பிழையாமையா, வளர்ந்தவை மடிதலா? இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் குஞ்சுகளுக்கு ஊட்டப் போதிய பூச்சியில்லை என்று கண்டனர். இங்கு இதை அறிவது கடினம். நம் குருவி ஆண்டில் பல ஈடு குஞ்சு பொரிப்பதால், ஐரோப்பியர் செய்வதுபோல ‘இவ்வாண்டுப் பிறவி’ என்று பஞ்சாங்கத்தை வைத்து வரையறுக்க இயலாது. ஆதலால் மாநகரின் மாடி வீட்டிலாயினும், கங்காதர நெல்லூரின் ஓட்டு வீட்டிலாயினும், இறவாணத்தில் மஞ்சள் வாய்க் குஞ்சு தென்படும் சில வாரங்களே இளையவற்றைப் பிரித்து எண்ணத்தக்க காலம். அவ்வெண்ணிக்கையைத் தேதியோடு குறித்து வைப்பதற்குத் துப்பாக்கியும் வேண்டா, இழுப்பறையும் வேண்டா.